மின்னஞ்சல் ஒப்பமிடும் கருவியை மாற்றும்போது

அஞ்சலுறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயரை எழுதுபவர் யார்? அனுப்புகிறவரேதாம். அஞ்சல் நிலையத்தார் அப்பெயரைச் சோதிப்பதில்லை. தலைமையாசிரியர் பெயரை மாணவன் ஒருவன் எழுதிப் பெட்டியில் இட்டாலும் கடிதம் உரிய இடத்திற்குப் போய்ச் சேரும். மின்னஞ்சலின் இயல்பும் தொடக்கம் முதல் இதுவே. 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பார் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடலைக் கொண்டு சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. அனுப்புநர் யார் என்று அது கேட்கும். சொன்ன விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அந்நாளில் வலையத்தில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் கதவுக்குத் தாழ்ப்பாள் போதும், பூட்டு வேண்டியதில்லை.

சிற்றூர் பேரூராயிற்று, பேரூர் உலகாயிற்று. வங்கியின் பெயரால் வங்கியல்லாதவரும், பள்ளியின் பெயரால் பள்ளிக்கு அயலாரும் மடல் விடுக்கத் தொடங்கினர். பெயரைப் பார்த்து நம்பியவர்கள் பொருளிழந்தனர். இதற்குத் தீர்வாக எழுந்தவற்றுள் ஒன்றே மின்னஞ்சல் ஒப்பம். யாஹூ நிறுவனத்தில் மார்க் டெலனி உருவாக்கிய ‘டொமைன்கீஸ்’ என்னும் முறையும், சிஸ்கோ நிறுவனத்தார் வகுத்த மற்றொரு முறையும் இணைக்கப்பெற்று, டி.கே.ஐ.எம். என்னும் பெயரில் 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆர்.எப்.சி. 4871 என்ற ஆவணமாக வெளிவந்தன. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் அது திருத்தம் பெற்று ஆர்.எப்.சி. 6376 ஆயிற்று.

இந்த ஒப்பத்தை மனிதர் இடுவதில்லை. மடல்களை வெளியே அனுப்பும் கணினியாகிய அஞ்சல் வழங்கியில் அமர்ந்துள்ள ஒரு மென்பொருள், மனிதர் அறியாமலே, ஒவ்வொரு மடலிலும் இட்டு அனுப்புகிறது. அம்மென்பொருள் முதுமையடைந்து, அதனை அகற்றி வேறொன்றை வைக்க நேரும்போது என்ன நேர்கிறது, எவை தவறக்கூடும் என்பவற்றை அறிந்துகொள்வது, சொந்தமாக அஞ்சல் வழங்கி நடத்தும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் மிகவும் வேண்டற்பாலது. ஏனெனில் இதில் நேரும் பிழை ஓசையிடாது. மடல் வழக்கம்போல் புறப்படும். எந்தக் குறையும் தெரியாது. பெற வேண்டியவர் மட்டும் பெற்றிருக்க மாட்டார்.

மாதிரிக் கையொப்பம்

வங்கியில் கணக்குத் தொடங்குவோரிடம் மாதிரிக் கையொப்பம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வர். காசோலை வரும்போது அதிலுள்ள ஒப்பத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். டி.கே.ஐ.எம். முறையின் உட்கருத்தும் இத்தகையதே. ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வங்கியிலுள்ள மாதிரியைக் கண்டவன் அதைப் பார்த்து எழுதிப் பழகிவிடலாம். இங்கே மாதிரி உலகோர் அனைவரும் காணுமாறு வெளியே வைக்கப்பெறுகிறது. கண்டும் எவராலும் அதனைப் போல ஒப்பமிட இயலாது. இந்த வியப்பைச் செய்து காட்டியது கணிதம். 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் கண்ட, அவர்தம் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. என வழங்கும் முறையில், ஒன்றோடொன்று இணைந்த இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று மறைத் திறவுகோல்; ஒப்பமிடுவது இதனால். மற்றது பொதுத் திறவுகோல். ஒப்பத்தைச் சரிபார்ப்பது இதனால். பொதுத் திறவுகோலைக் கொண்டு மறைத் திறவுகோலைக் காண்பது, பேரெண் ஒன்றைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பதற்கு ஒப்பான கடினமுடையது.

மறைத் திறவுகோல் வழங்கியிலேயே பூட்டி வைக்கப்பெறும். பொதுத் திறவுகோல், இணையத்தின் பெயர்ப் பதிவேடாகிய டி.என்.எஸ். என்பதில் பதியப்பெறும். அஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் நிற்கும் பகுதியைக் களப்பெயர் என்பர். ஒரு களப்பெயருக்குப் பல திறவுகோல்கள் இருக்கலாமாதலின், ஒவ்வொன்றிற்கும் ‘செலக்டர்’ எனப்படும் ஓர் அடைபெயர் சூட்டப்பெறும். வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்தால் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அழைப்பது போன்றது இது. இந்த அடைபெயர் சிறியதாயினும், கருவியை மாற்றும் வேலையில் பெரும்பங்கு உடையது.

மடல் புறப்படும்போது மென்பொருள் முதலில் அதன் உட்பகுதி முழுவதையும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண்ணைக் காணும். உட்பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் சுருக்க எண் முற்றிலும் மாறிவிடும். பின்னர் அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் முதலிய தலைவரிகளையும் அச்சுருக்க எண்ணையும் சேர்த்து மறைத் திறவுகோலால் ஒப்பமிட்டு, மடலின் தலையில் ஒரு வரியாகச் சேர்க்கும். எந்தக் களப்பெயர், எந்த அடைபெயர், எந்தெந்தத் தலைவரிகளுக்கு ஒப்பம் என்பனவெல்லாம் அவ்வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். பெறும் கணினி அவ்வரியைப் படித்துப் பதிவேட்டிலிருந்து பொதுத் திறவுகோலை எடுத்துச் சரிபார்க்கும்.

இவ்வொப்பம் எதனைச் சொல்லவில்லை என்பதும் அறியத்தக்கது. மடலிலுள்ள செய்தி உண்மை என்று அது சொல்வதில்லை. மடலை எழுதியவர் இன்னார் என்றும் சொல்வதில்லை. இந்தக் களப்பெயர் உடையோர் இம்மடலுக்குப் பொறுப்பேற்றனர், ஒப்பமிட்ட பகுதி வழியில் மாற்றப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ‘ஒப்பம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கைநாட்டு என்று மயங்குவோர் பலர். பள்ளியின் அலுவலக முத்திரை என்று கொண்டால் உண்மைக்கு அண்மையாகும்.

பழைய கருவியை ஏன் மாற்ற வேண்டும்?

ஒப்பமிடும் மென்பொருள்களுள் நெடுங்காலம் பரவலாக வழங்கியது ஓப்பன்-டி.கே.ஐ.எம். என்பது. சென்ட்மெயில் நிறுவனத்தாரின் ‘டி.கே.ஐ.எம். மில்டர்’ என்னும் மென்பொருளிலிருந்து 2009ஆம் ஆண்டில் கிளைத்த இதனை முன்னின்று வளர்த்தவர் மரே குச்சராவி. மில்டர் என்பது, அஞ்சல் வழங்கியின் முதன்மை மென்பொருள் ஒவ்வொரு மடலையும் வேறொரு மென்பொருளிடம் காட்டி, ‘இதனை என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் ஏற்பாடு. ஓப்பன்-டி.கே.ஐ.எம். மென்பொருளின் 2.10.3 பதிப்பு 2015ஆம் ஆண்டில் வந்தது. 2018ஆம் ஆண்டில் ஒரு சோதனைப் பதிப்பு வெளிவந்தது. அதற்குப் பின்னர் நெடுநாள் அமைதி.

அவ்வமைதிக்கிடையே உலகம் நில்லாது சென்றது. 2018 ஜனவரியில் வந்த ஆர்.எப்.சி. 8301, எஸ்.எச்.ஏ.-1 என்னும் பழைய சுருக்க முறையை இனிக் கையாளலாகாது என விலக்கியது, ஆர்.எஸ்.ஏ. திறவுகோல் 1024 பிட்டுக்குக் குறையலாகாது, 2048 இருத்தல் நன்று என்றும் விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்.எப்.சி. 8463, ‘இ.டி.25519’ என்னும் புதிய ஒப்ப முறையைச் சேர்த்தது. ஓப்பன்-டி.கே.ஐ.எம். 2.10.3 பதிப்பு இப்புதுமுறையை அறியாது. மேலும், சி.வி.இ.-2022-48521 என்ற எண்ணில் அதன் குறை ஒன்றும் பதிவாயிற்று. சரிபார்ப்பு முடிவு என்று அயலார் முன்கூட்டியே எழுதி வைத்த போலி வரிகளை நீக்குகையில், வரிசை எண்ணைத் தவறவிட்டு ஒரு போலி வரியை அது விட்டுவைத்துவிடும். அவ்வரியை நம்பும் பிற மென்பொருள்கள் பொய்ம்மடலை மெய்ம்மடலாகக் கொள்ளும்.

திறவுகோலின் நீளத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்பார்க்கு 2012ஆம் ஆண்டில் வெளியான நிகழ்ச்சியொன்று விடையாகும். ஜகரி ஹாரிஸ் என்னும் அமெரிக்கக் கணிதவியலாருக்குக் கூகுள் நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைக்கும் பாங்கில் ஒரு மடல் வந்தது. அதன் ஒப்பத்தை ஆராய்ந்தவர் திறவுகோல் 512 பிட்டே இருக்கக் கண்டு, இது தம் திறமையைச் சோதிக்க வைத்த புதிர் போலும் என்று எண்ணினார். அத்திறவுகோலை உடைத்து, அந்நிறுவனத்தின் நிறுவனர் இருவருள் ஒருவர் எழுதியதுபோல் மற்றவருக்கே மடல் விடுத்தார். மறுமொழி வரவில்லை, இரண்டு நாளில் அந்நிறுவனத்தின் திறவுகோல் மட்டும் 2048 பிட்டாக நீண்டுவிட்டது. அது புதிரன்று, உண்மையான கவனக்குறைவு என்பது அப்போதே அவருக்குப் புலனாயிற்று. வாடகைக் கணினிகளின் துணையால் 512 பிட் திறவுகோலை ஏறத்தாழ 72 மணி நேரத்தில், 75 அமெரிக்க வெள்ளிச் செலவில் உடைக்கலாம் என்று அவர் கூறினார்.

2024 பிப்ரவரி முதல் மற்றொரு நெருக்கடி சேர்ந்தது. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் டி.கே.ஐ.எம். ஒப்பமிட்டே தீர வேண்டும் என்று கூகுள் விதித்தது. யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோர்க்கு அவ்வாறே விதித்தது. சிறு பள்ளிகள் அந்த எண்ணை எட்டமாட்டாதான். எனினும் ஒப்பமில்லா மடலை ஐயக்கண் கொண்டு நோக்கும் பழக்கம் எல்லா இடத்தும் பரவிவிட்டது.

மாற்றும் முறை

பலர் ஓப்பன்-டி.கே.ஐ.எம். விடுத்து ஆர்ஸ்பாம்டி என்னும் மென்பொருளுக்கு மாறினர். சேவொலொத் ஸ்தாக்கோவ் உருவாக்கிய இது, அடிப்படையில் குப்பை மடல்களை வடிக்கும் கருவி. ஒப்பமிடுவது அதன் பல வேலைகளுள் ஒன்று. ஒப்பமிடுதல் மட்டும் போதும் என்பார்க்கு ஸ்காட் கிட்டர்மன் எழுதிய டி.கே.ஐ.எம்.பை-மில்டர் போன்ற சிறிய கருவிகளும் உண்டு. வாழைப்பழம் உரிக்க வாளெடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் குப்பை வடிகட்டலுக்கு ஏற்கெனவே ஆர்ஸ்பாம்டி வைத்திருப்போர் ஒப்பத்தையும் அதனிடமே ஒப்படைப்பது இயல்பே.

இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது ஒன்று. வெளியுலகம் ஒப்பமிடும் மென்பொருளை அறியாது. களப்பெயரையும் அடைபெயரையும் திறவுகோலையும் மட்டுமே அறியும். ஆதலின் பழைய மறைத் திறவுகோலையும் அடைபெயரையும் அப்படியே புதிய கருவிக்குக் கொடுத்துவிட்டால், பெயர்ப் பதிவேட்டில் எதனையும் தொட வேண்டியதில்லை. தவறு நேர்ந்தாலும் பழைய கருவிக்கு நொடியில் திரும்பலாம். பழைய திறவுகோல் 2048 பிட் உடையதாயின் இவ்வழியே சிறந்தது. கருவியையும் திறவுகோலையும் ஒரே நாளில் மாற்றுவோர், பின்னர்ப் பிழை எதனால் வந்தது என்று அறியாமல் திகைப்பர்.

பழைய திறவுகோல் குறுகியதாயின் வேறு வழி வேண்டும். புதிய அடைபெயரில் புதிய திறவுகோலை முதலில் பதிவேட்டில் இட்டு, அது பரவச் சிறிது காலம் விட்டு, பின்னர்ப் புதிய கருவியைப் பழையதன் பக்கத்தில் நிறுத்தலாம். அப்போது மடல் ஒவ்வொன்றும் இரண்டு ஒப்பங்களோடு செல்லும். ஒன்று பொய்த்தாலும் மற்றது காக்கும். ஆனால் இக்காப்பே ஒரு கண்கட்டாகவும் ஆகலாம். பழைய ஒப்பம் செல்லுபடியாகும் வரை புதியதன் குறை வெளிப்படாது. பழையதை அகற்றும் நாளில்தான் வெளிப்படும். ஆகவே ஒப்பம் ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியே படித்தறிய வேண்டும்.

2048 பிட் பொதுத் திறவுகோல் எழுத்து வடிவில் ஏறத்தாழ 392 எழுத்துகள் நீளும். பதிவேட்டிலோ ஒரு தொடர் 255 எழுத்துக்கு மேற்படலாகாது. எனவே இரண்டு தொடராகப் பிரித்து எழுத நேர்கிறது. பிரிக்கும் இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டால் திறவுகோல் முழுதும் பயனற்றதாகும். திருக்குறளில் ஒரு சீரை விட்டு அச்சிட்டால் தமிழாசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இந்த எழுத்துக் கோவையில் எவராலும் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது.

இனி, ஓசையின்றி நேரும் பிழைகள். மறைத் திறவுகோல் இருக்கும் கோப்பைப் பழைய கருவியின் பயனர் மட்டுமே படிக்கலாம் என்று கட்டுப்படுத்தியிருப்பர், அது முறையே. புதிய கருவி வேறொரு பயனர் பெயரில் இயங்கும். உரிமையை மாற்ற மறந்தால் திறவுகோலைப் படிக்க இயலாமல் அது ஒப்பமிடாது விட்டுவிடும். மேலும் ஆர்ஸ்பாம்டி, மடலின் உள்ளே எழுதிய அனுப்புநரின் களப்பெயரும் உறைமேல் எழுதிய அனுப்புநரின் களப்பெயரும் வேறுபட்டால், இயல்பு நிலையில் ஒப்பமிட மறுக்கும். நல்ல எண்ணத்தால் வைத்த விதிதான். எனினும் மடல்களைத் தானே அனுப்பும் நிரல்கள் பலவற்றில் இவ்விரண்டும் வேறுபட்டிருப்பதுண்டு.

கிளைப்பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளியின் களப்பெயருக்கு முன்னால் ‘மாணவர்’ என்று சேர்த்து ஒரு கிளைப்பெயர் வைத்து, அதற்கெனத் தனித் திறவுகோல் செய்திருப்பின், ஆர்ஸ்பாம்டி இயல்பு நிலையில் கிளைப்பெயரைச் சுருக்கித் தாய்ப்பெயரின் திறவுகோலையே தேடும். தாய்ப்பெயருக்குத் திறவுகோல் இல்லையேல் ஒப்பமும் இல்லை. அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் தீரும் குறை இது. அவ்வரி இருப்பது தெரிந்தால்தானே மாற்றுவது!

முதன்மை மென்பொருளிலும் கவனம் வேண்டும். வியட்சே வெனெமா உருவாக்கிய போஸ்ட்பிக்ஸ் என்பதைக் கையாள்வோர் மில்டரை இரண்டு இடங்களில் குறிப்பிட வேண்டும். வெளியிலிருந்து வலையம் வழியாக வழங்கிக்கு வரும் மடல்களுக்கு ஓர் இடம். வழங்கியின் உள்ளேயே உருவாகும் மடல்களுக்கு மற்றோர் இடம். முதலதை மாற்றி இரண்டாவதை மறந்தவர் பலர். ஆசிரியர் தம் மேசையிலிருந்து அனுப்பும் மடல் ஒப்பத்துடன் செல்லும். தேர்வு முடிவைப் பெற்றோருக்கு அறிவிக்க நிரல் அனுப்பும் மடலோ ஒப்பமின்றிச் செல்லும். சோதிப்பவரும் ஆசிரியரைப் போல மேசையிலிருந்தே அனுப்பிப் பார்ப்பாராதலின் குறை மறைந்தே கிடக்கும்.

ஒப்பமிடும் கருவி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் போஸ்ட்பிக்ஸிடம் சொல்லி வைக்கலாம். ‘பின்னர் வருக’ என்று மடலைத் தள்ளிப்போடுவது அதன் இயல்பு நிலை. பல வழிகாட்டிகள் ‘ஏற்றுக்கொள்’ என்று மாற்றி எழுதச் சொல்கின்றன. அவ்வாறு எழுதினால் கருவி நின்றபோதும் மடல் ஒப்பமின்றி ஓடிவிடும். கருவி மாற்றும் நாள்களிலேனும் இயல்பு நிலையை விட்டுவைப்பதே அறிவுடைமை. தாமதமான மடலை எவரேனும் தேடுவர். குப்பைக் கூடைக்குள் விழுந்த மடலை ஒருவரும் தேடார்.

தமிழ் மடலுக்கு உரிய சோதனை

கருவியை மாற்றியபின் வெளியிடத்து அஞ்சற்பெட்டி ஒன்றுக்கு மடல் அனுப்பி, அங்கே மடலின் முழுத் தலைப்பகுதியையும் திறந்து, சரிபார்ப்பு முடிவு ‘தேறியது’ என்று இருக்கிறதா, களப்பெயரும் அடைபெயரும் எதிர்பார்த்தவையா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் சோதனை மடலை ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சொல்லில் எழுதி அனுப்புவதே பெரும்பான்மையோர் வழக்கம். தமிழில் மடல் எழுதுவோர்க்கு இது போதாது.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் ஒரு பைட் இடம் கொள்ளும். ஏழு பிட்டுக்குள் அடங்கும். ஒருங்குறியில், யு.டி.எப்.-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். எட்டாம் பிட்டும் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கணக்கில் எழுத்து மூன்று. கணினியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகக் கொண்டு 15 பைட் ஒதுக்கும். தொல்காப்பியர் வழிவந்தோர்க்கு இக்கணக்கு உவப்பாயிராது. அது வேறு வழக்கு. இந்த எட்டு பிட் உரையை அப்படியே அனுப்பும்போது, வழியிலுள்ள கணினி ஒன்று அதனை ஏற்கும் ஆற்றல் அறிவிக்கவில்லையாயின், அனுப்பும் மென்பொருள் உரையை ஏழு பிட் வடிவுக்கு மாற்றியமைக்கும். படிப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பைட் வரிசை மாறிவிட்டதால் சுருக்க எண் மாறும், ஒப்பம் பொய்யாகும். அதே வழியில் சென்ற ஆங்கில மடலோ யாதொரு மாற்றமும் இன்றித் தேறிவிடும்.

இதனை முன்னரே உணர்ந்த ஆர்.எப்.சி. 6376, ஒப்பமிடுவதற்கு முன்பே மடலை ஏழு பிட் வடிவுக்குக் கொண்டுவந்துவிடுதல் நன்று என்கிறது. மடலை உருவாக்கும் நிரலே உரையை ‘பேஸ்64’ முறையில் அமைத்துவிட்டால் போதும். ‘தமிழ்’ என்பதன் 15 பைட், அம்முறையில் 20 எழுத்தாகும். வழியில் எவரும் அதனைத் தொட மாட்டார். நாடறிந்த அஞ்சல் மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வாறு தாமே செய்துவிடும். பள்ளிகளில் யாரோ ஒருவர் என்றோ எழுதிவைத்த நிரல்களே ஐயத்துக்குரியவை. ஆகவே சோதனை மடல் தமிழில் இருக்கட்டும். பொருள் வரியும் தமிழில், நீளமாக இருக்கட்டும். இணைப்பு ஒன்றும் சேரட்டும். அந்த நிரலின் வழியாகவும் ஒன்று செல்லட்டும்.

பழைய திறவுகோல்

எல்லாம் தேறியபின் எஞ்சுவது பழைய திறவுகோல். திறவுகோலும் மாற்றப்பட்டிருப்பின், பழைய பொதுத் திறவுகோலை உடனே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாகாது. பெறும் கணினி ஓய்ந்திருந்தால் போஸ்ட்பிக்ஸ் ஒரு மடலை இயல்பு நிலையில் ஐந்து நாள் வரை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் அனுப்ப முயலும். அம்மடலில் இருப்பது பழைய ஒப்பம். இரண்டு வாரம் கழிந்தபின், பதிவை அழிப்பதைவிட, திறவுகோல் இருந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பதிவை நிறுத்தி வைப்பது தெளிவான முறை. ‘இத்திறவுகோல் விலக்கப்பட்டது’ என்பது அதன் பொருள்.

விலக்கினாலும் ஒப்பத்தின் வாழ்வு முற்றிலும் முடிவதில்லை. பழைய பொதுத் திறவுகோலைப் படியெடுத்து வைத்திருப்பவர் பழைய மடலை என்றும் சரிபார்க்கலாம். 2016ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலாளர் ஜான் பொடெஸ்டாவின் மடல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, அவற்றுட் பலவற்றின் மெய்ம்மையைப் பிறர் நிறுவியது டி.கே.ஐ.எம். ஒப்பங்களைக் கொண்டே. வழிப்பறியைத் தடுக்க வைத்த முத்திரை, திருடப்பட்ட மடலுக்கு நற்சான்று ஆயிற்று. இது கண்டு, மறையியல் பேராசிரியர் மேத்யூ கிரீன் 2020ஆம் ஆண்டில் ஒரு யோசனை கூறினார். திறவுகோலை அடிக்கடி மாற்றி, ஓய்வுபெற்ற மறைத் திறவுகோலை உலகறிய வெளியிட்டுவிட வேண்டும். அப்போது எவரும் அதனால் ஒப்பமிடலாமாதலின் பழைய ஒப்பம் எதற்கும் சான்றாகாது என்றார். பழைய மடலைச் சான்றாகக் காட்டி வழக்குரைக்க வேண்டியவர் இதனை விரும்பார். அவ்வளவு தூரம் செல்ல விரும்பாத பள்ளிகள் பழைய மறைத் திறவுகோலையும், காப்புப் படிகளில் கிடக்கும் அதன் நகல்களையும் அழித்துவிடலாம்.